அனுப்புநர்: எம். பஸீலா

தில்லை நகரில் உள்ள அந்த மருத்துவமனையின் பின்கட்டில், லேபுக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவே, ஜன்னலில்லாத ஓர் அறை உண்டு. நோயாளிகளின் பரிசோதனை முடிவுகள் அங்கிருந்துதான் மின்னஞ்சலில் புறப்பட்டன. துறையூரிலிருந்து பஸ் ஏறி வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போகும் பெரியவரின் சர்க்கரை அளவு, அவர் வீடு திரும்புமுன் துபாயில் இருக்கும் மகனின் கைப்பேசியில் போய் நிற்கும். அப்படிக் கொண்டுபோய் நிறுத்துபவள் பஸீலா.

அவள் வேலை செய்யும் விதத்தை முதல்முறை பார்ப்பவர்கள் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். மருத்துவமனையில் மற்ற எல்லோரும் வண்ணப் பெட்டிகளும் படங்களும் நிறைந்த திரையில் மவுஸைத் தட்டித் தட்டி மெயில் பார்த்தார்கள். பஸீலாவின் திரையோ துடைத்து வைத்த கரும்பலகை. அதில் மவுஸுக்கு வேலையில்லை. மெயில் என்று கட்டளையை எழுதி என்டரைத் தட்டினால், வந்திருக்கும் கடிதங்கள் எண்ணிட்டு வரிசையாக நிற்கும். எண்ணைத் தட்டினால் கடிதம் திறக்கும். அனுப்புவதென்றால் யாருக்கு என்று ஒரு வரி, என்ன பொருள் என்று ஒரு வரி, யாரிடமிருந்து என்று ஒரு வரி, பிறகு கடிதம். அவ்வளவே.

"பஸீலாக்கா கம்ப்யூட்டருக்கு மொட்டை போட்டுட்டாங்க" என்பாள் நர்ஸ் ஃபெமினா.

"மொட்டைத் தலைக்குக் குளிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீ உன் சடையைப் பின்னிக்கிட்டு உக்காரு. உன் மெயில் லோட் ஆகுறதுக்குள்ள நான் இந்த வார்டு ரிப்போர்ட்டை முழுக்க அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்" என்பாள் பஸீலா.

'யாரிடமிருந்து' என்ற அந்த ஒரு வரியில் அவள் எப்போதும் 'எம். பஸீலா' என்றே எழுதினாள். பள்ளிச் சான்றிதழில் அவள் எச். பஸீலா. தந்தை ஹபீபுல்லா, ஆகவே எச். அதை அவள் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் அவளைக் கேட்கவுமில்லை. நம் ஊரில் எழுத்து என்பது குழந்தையோடு கூடவே பிறந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணினி புதிதாக வந்திறங்கிய நாளில், மெயில் அனுப்பும் செயலியை அவள் அதில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கறுப்புத் திரை அவளிடம் ஒரு கேள்வி கேட்டது: உன் முழுப் பெயர் என்ன? கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. பிறந்ததிலிருந்து ஒருவரும் அப்படிக் காத்திருந்ததில்லை. பஸீலா சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தாய் மஜீதாவின் முதல் எழுத்தைத் தட்டினாள்.

விளையாட்டாகத் தட்டியதை அவள் விளையாட்டாக விட்டுவிடவில்லை. தாயின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்ள அரசே எப்போதோ அனுமதித்துவிட்டது என்று விசாரித்து அறிந்து, முறையாக விண்ணப்பித்து, அரசிதழில் பெயரை வரவழைத்து, நகலை அலுவலகத்திலும் கொடுத்தாள். நிர்வாக மேலாளர் லக்ஷ்மிகாந்த் அதை வாங்கிப் பார்த்து, "ரொம்ப சரி" என்று சொல்லிக் கோப்பில் வைத்தார்.

லக்ஷ்மிகாந்த் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியில் வீடு. எந்தக் கடிதமானாலும் தலையில் 'ஸ்ரீ:' என்று போடாமல் அவருக்குக் கை ஓடாது. ஊழியர் அனைவருக்குமான அறிவிப்புகளை அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பார், பஸீலா அனுப்புவாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் அவர் கலவரத்தோடு அந்த அறைக்கு ஓடி வந்தார்.

"ஏம்மா பஸீலா, என் ஸ்ரீ எங்கே?"

"எந்த ஸ்ரீ சார்?"

"தலையில போட்டிருந்தேனே. கடுதாசு போய்ச் சேர்ந்திருக்கு, ஸ்ரீயை மட்டும் காணோம். நீ எடுத்தியா?"

"நான் ஏன் சார் எடுக்கப் போறேன்?"

தேடிப் பார்த்ததில் விஷயம் புலப்பட்டது. கடிதத்தின் உச்சியில் ஒரு சொல்லும் அதையடுத்து இரட்டைப் புள்ளியும் இருந்தால், அது பெறுநர், பொருள், தேதி போன்ற உறைமேல் விவரம் என்று அந்தச் செயலி எடுத்துக்கொள்ளும். ஒரு வெற்று வரி வந்த பிறகுதான் கடிதம் தொடங்குவதாக அதற்குக் கணக்கு. ஸ்ரீக்குப் பின்னால் லக்ஷ்மிகாந்த் பக்தியோடு வைத்த இரட்டைப் புள்ளியைப் பார்த்து, அது ஸ்ரீயையும் முகவரிகளோடு சேர்த்து மறைத்து வைத்துவிட்டது.

"உங்க ஸ்ரீ தொலையல சார். உள்ளேயிருந்து உறைமேல ஏறி உக்காந்துடுச்சு" என்றாள் பஸீலா.

"மேல உட்கார்றது பெருமாளுக்கு விசேஷம்தான். ஆனா படிக்கிறவாளுக்குத் தெரியணுமோல்லியோ?"

அன்று முதல் அவருடைய கடிதங்களுக்கு மட்டும் முதலில் ஒரு வெற்று வரி விட்டு, அதன் கீழே ஸ்ரீயை அமர்த்தி அனுப்பினாள். அவருக்கு அவள்மேல் ஒரு தனி மதிப்பு உண்டாயிற்று.

இவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்டிருந்த இடத்தில்தான் வினை வந்தது. ஹபீபுல்லா அந்த மருத்துவமனையில் இரத்தம் பரிசோதித்துக்கொண்டார்.

பஸீலா மூன்றாம் வகுப்புப் படிக்கையில் சவூதிக்குப் போனவர் அவர். அங்கிருந்து திரும்பி வரும்போது கும்பகோணத்தில் இறங்கி, அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். இப்போது தில்லை நகரில் பெரிய கண்ணாடிக் கடை. மருத்துவமனையின் டைரக்டரும் அவரும் காலையில் ஒன்றாக நடைப்பயிற்சி செய்பவர்கள். பரிசோதனை முடிவு அவருடைய மெயிலுக்குப் போனது. அதன் அடியில், எல்லா முடிவுகளின் அடியிலும் இருப்பதுபோல, 'எம். பஸீலா, மின்னஞ்சல் பிரிவு' என்றிருந்தது. பஸீலா என்ற பெயர் அத்தனை சாதாரணமானதன்று. யாரென்று விசாரித்தார், தெரிந்துகொண்டார், மறுநாள் நடைப்பயிற்சியில் டைரக்டரிடம் சொல்லிவிட்டார்.

லக்ஷ்மிகாந்த் அவளைக் கூப்பிடவில்லை. அவரே அவள் அறைக்கு வந்து, உட்காராமல், கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே பேசினார்.

"உங்கப்பா வருத்தப்படறாராம்மா. தான் உயிரோட இருக்கறச்சே பொண்ணு எழுத்தை மாத்திண்டா, ஊர் என்ன நினைக்கும்ங்கறார். நியாயம்தானே?"

"ஊர் நினைக்க வேண்டியது நிறைய இருந்துச்சு சார். அப்பல்லாம் ஊர் தூங்கிட்டு இருந்துச்சு."

"அதெல்லாம் உங்க குடும்ப விஷயம். நான் உள்ள வரலை. டைரக்டர் என்ன சொல்றார்னா, ஸ்டாஃப் எல்லாருக்கும் நீ ஒரு மெயில் போட்டுடணும். இத்தனை நாள் எம்-னு வந்தது பிழை, இனிமே எச்-னு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள."

"கெசட் காப்பி நீங்கதானே சார் வாங்கி வச்சீங்க?"

"வாங்கினேன், இல்லேங்கலை."

"போடலேன்னா?"

லக்ஷ்மிகாந்த் கதவுப் பிடியை விட்டுவிட்டார். "இந்த நாற்காலியில வேற யாராவது உட்காருவா."

பஸீலாவுக்குக் காது சூடேறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"சார், உங்க ஸ்ரீ ஒரு நாள் காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? கடுதாசுல மத்த எல்லாம் இருந்துச்சு. விஷயம் இருந்துச்சு, தேதி இருந்துச்சு, உங்க கையெழுத்து இருந்துச்சு. படிச்சவங்க யாருக்கும் எதுவும் குறையல. ஆனா நீங்க ஓடி வந்தீங்க. ஏன் சார்?"

"அது வேறம்மா. அது பகவந் நாமா."

"எனக்கு இது என்னைப் பெத்தவங்க நாமம்."

அவர் கோபத்தோடு கதவைத் திறந்து, "நாளைக்கு மத்தியானம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் பஸீலா நேராகத் தாயின் கடைக்குப் போனாள். பெரிய கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சேலைக்குப் பொருத்தமான பிளவுஸ் துணி விற்கும் கடை அது. ஒரு பெண்மணி சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்திருக்க, மஜீதா மூன்று விதமான மாம்பழ நிறங்களை வெளிச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி போன பிறகுதான் பஸீலா வாயைத் திறந்தாள். மஜீதா துணிகளை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"இவ்வளவுதானா? எச்-ஐப் போட்டுட்டு வேலையைப் பாரு புள்ள."

"அம்மா!"

"என்ன நொம்மா? எழுத்து சோறு போடுமா? நான் போர்டுலேயே அவர் பேரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கென்ன காய்ச்சலா வந்துச்சு?"

உண்மைதான். கடையின் நெற்றியில் 'ஹபீப் மேட்சிங் சென்டர்' என்றுதான் இன்னும் இருந்தது.

"அதை ஏம்மா இன்னும் வச்சிருக்கீங்க?"

"பாசத்துலேன்னு நினைச்சியா? 'ஹபீப் மேட்சிங்'னு சொன்னாத்தான் ஆட்டோக்காரன் வாசல்ல கொண்டாந்து இறக்குறான். பேரு அவரோடது, கால்வலி என்னோடது. ஓடுதுல்ல?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். கால்வலிக்கும் ஒரு எழுத்து வேணும்."

மஜீதா மடிப்பதை நிறுத்தினார். "நான் உன்கிட்ட கேட்டேனா? என் பேரைப் போட்டுக்கோன்னு என்னைக்காவது வாயைத் திறந்தேனா?"

"நீங்க கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன். கேக்காததாலதான் போட்டேன்."

"நல்லா வாய் பேசு. இந்த வாயைக் கேட்டுட்டு அவங்க நாளைக்கு உன்னை வெளியே தள்ளினா, வீட்டு வாடகைக்கு எந்த எழுத்தைக் குடுப்பே? என்னை ஒரு பொம்பளைன்னு மதிச்சா, எச்-ஐப் போட்டுட்டு வா. என் பேருக்காக உன் வயித்துல மண்ணு விழுந்துச்சுன்னு எனக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே மடித்த துணியை உதறி மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

பெற்றவளே வேண்டாமென்று சொன்ன பிறகு யாருக்காக அடம் பிடிப்பது? மறுநாள் காலை பஸீலா எச் போடுவதென்ற முடிவோடுதான் அலுவலகத்துக்கு வந்தாள். லேப் ரிப்போர்ட்டுகள் வருமுன் முடித்துவிட எண்ணி, கறுப்புத் திரையில் கட்டளையை எழுதினாள். யாருக்கு: ஊழியர் அனைவருக்கும். பொருள்: பெயர்த் திருத்தம். அனுப்புநர் வரியில் எழுத்தை விட்டுவிட்டு, வெறும் பஸீலா என்று மட்டும் போட்டாள். பிறகு கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினாள்:

'அனைவருக்கும் வணக்கம். இதுவரை என் கடிதங்களில் எம். பஸீலா என்று இருந்து வந்தது. அது பிழை. இனி என் பெயர்'

பெயரைத் தனி வரியில் எழுத நினைத்து என்டரைத் தட்டினாள். அடுத்த வரியில் எச் என்ற எழுத்தையும் அதையொட்டி ஒரு புள்ளியையும் வைத்தாள். வைத்த பிறகு விரல் நகரவில்லை. முன்னால் இருந்த எச்-ஐ அழித்தாள். அழித்த இடத்தில் எம் போட விரல் போயிற்று, தாயின் திருப்பிய முகம் நினைவுக்கு வந்தது, விரல் திரும்பிற்று. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, யோசிப்பதற்குச் சற்று இடம் வேண்டும் என்பதுபோல, என்டரைத் தட்டினாள்.

அந்தச் செயலிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி தவிர வேறெதுவும் இல்லையென்றால், கடிதம் முடிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். யாரையும் கேளாமல் அக்கணமே அனுப்பிவிடும். எழுத்தை இழந்த புள்ளி அந்த வரியில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

பஸீலா வாயைப் பொத்திக்கொண்டாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் கடிதங்களை முடித்தது அந்தப் புள்ளியை வைத்துத்தான். தெரியாமல் செய்தாள் என்றால் அவளே நம்பமாட்டாள். தெரிந்து செய்தாள் என்றாலும் பொய்யாகிவிடும். எப்படியோ, மருத்துவமனையின் வாயிற்காவலர் முதல் டைரக்டர் வரை ஒவ்வொருவருக்கும், 'இனி என் பெயர்' என்பதோடு நின்றுபோன ஒரு கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

சற்று நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. மெயில் என்று தட்டியபோதெல்லாம் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அவள் ஒவ்வொரு எண்ணாகத் திறந்தாள்.

வரவேற்பு மேசையிலிருந்து: 'அக்கா, பேரு எங்க? பாதியில கரண்ட் போயிடுச்சா?'

எக்ஸ்ரே மருத்துவரிடமிருந்து: 'வாக்கியத்தை முடிக்கவும்.'

கேன்டீனிலிருந்து: 'புதுப் பேருக்கு டிரீட் உண்டுங்களா மேடம்?'

மருந்தகத்திலிருந்து, இது வைரஸ் என்று சந்தேகித்துத் திறக்காமலே அழித்துவிட்டதாக ஒரு தகவல்.

கணக்குப் பிரிவின் மூத்த அதிகாரி ஒருவரிடமிருந்து: 'தகப்பன் பெயரைச் சொல்லக் கூசும் பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.'

அதைப் படித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த எண்ணைத் தட்டினாள். அது ஃபெமினாவிடமிருந்து வந்திருந்தது. சிரிப்பும் கிண்டலுமாகப் பேசுகிறவள், எழுத்தில் வேறு மாதிரி இருந்தாள்.

'அக்கா, கல்யாணம் முடிஞ்சு லீவுல இருந்து வந்த அன்னிக்கே என் பேட்ஜுல எழுத்தை மாத்தி வச்சிருந்தாங்க. யாரும் கேக்கல. நானும் கேக்கல. உங்க மெயில்ல அந்த இடம் காலியா இருந்துச்சா, சும்மா அதுல என் பேரை நானே எழுதிப் பார்க்கலாம்னு நினைச்சேன். எந்த எழுத்துன்னு தெரியாம அப்படியே உக்காந்திருக்கேன். நீங்க என்ன எழுதப் போறீங்க?'

பஸீலா அதற்குப் பதில் எழுதுமுன் தொலைபேசி அடித்தது. டைரக்டர் அறைக்கு வரச் சொன்னார்கள்.

குளிர்பதன அறையில் டைரக்டர் மேசைக்குப் பின்னாலும், ஹபீபுல்லா பக்கத்து சோபாவிலும் இருந்தார்கள். லக்ஷ்மிகாந்த் சுவரோரம் நின்றார். தந்தையைப் பஸீலா இத்தனை அருகில் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தாடி நன்றாக நரைத்திருந்தது. அத்தர் மணம் மட்டும் மாறவில்லை.

"பஸீலாம்மா, நல்லா இருக்கியா?" என்றார் அவர்.

"அல்ஹம்துலில்லாஹ், இருக்கேன் அத்தா."

"என் பேரு உனக்கு அசிங்கமாப் போச்சா?"

"அசிங்கம்னு நான் சொல்லலியே."

"பின்னே? பிள்ளைங்களைத் தகப்பன் பேராலதான் கூப்பிடணும்னு மார்க்கமே சொல்லுது. மதரஸாவுல ஓதினவதானே நீ?"

"ஓதினேன் அத்தா. உங்க பொண்ணு இல்லேன்னு நான் எங்கேயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். மறுமை நாள்ல, மஹ்ஷர்ல எல்லாரையும் எழுப்பிக் கூப்பிடும்போது உங்க பேரைச் சொல்லியே என்னைக் கூப்பிடட்டும். எழுந்து நிக்கிறேன். ஆனா இங்க, இந்த ஆஸ்பத்திரியில, நான் அனுப்புற கடுதாசுக்குப் பொறுப்பு நான். என்னை இந்த நாற்காலி வரைக்கும் கொண்டாந்து விட்டது யாருன்னு போடணும்னா, எனக்கு ஒரு எழுத்துதான் தெரியும்."

ஹபீபுல்லா டைரக்டரைப் பார்த்தார். "கேட்டீங்களா டாக்டர்? இதைத்தான் சொன்னேன். தாய்க்காரி வளர்த்த வளர்ப்பு."

"ஆமா அத்தா. அதைத்தான் நானும் எல்லா ரிப்போர்ட்லயும் போட்டுட்டு வரேன்" என்றாள் பஸீலா.

லக்ஷ்மிகாந்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது பட்டிமன்றம் இல்லை. காலையில ஒரு பாதி மெயில் அனுப்பி மானத்தை வாங்கியாச்சு. இப்பவே கீழே போய் அதை முடிக்கணும். எச்-னு முடிக்கலேன்னா இன்னையோட நீங்க கிளம்பலாம். லக்ஷ்மிகாந்த், கூடப் போய்ப் பாருங்க."

படியிறங்கும்போது லக்ஷ்மிகாந்த் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஒரு எழுத்தும்மா. வேலையில இருந்துண்டு சண்டை போடலாம். வேலையை விட்டுட்டு யாரோட போடுவே?"

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது சார். எங்கம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. ரெண்டு பேரும் நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க."

"அப்போ?"

"அப்போ உக்காருங்க சார்."

அவர் அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். பஸீலா கட்டளையை எழுதினாள். யாருக்கு: ஊழியர் அனைவருக்கும். பொருள்: காலையில் அனுப்பிய கடிதத்தின் மீதி. இந்த முறை அனுப்புநர் வரியில் எழுத்தை அவள் விட்டுவிடவில்லை. எம். பஸீலா என்று எழுதினாள். லக்ஷ்மிகாந்த் "அம்மாடி" என்று முணுமுணுத்தார். அவள் நிறுத்தவில்லை, தயங்கவுமில்லை.

'காலையில் வாக்கியம் முடியாமல் போனதற்கு அனைவரும் மன்னிக்க வேண்டுகிறேன். முடித்து வைக்கிறேன். இனி என் பெயர் எம். பஸீலா. இதற்கு முன்பும் அதுவே. எம் என்பது மஜீதா, என் தாய். காலைக் கடிதத்தில் அதைப் பிழை என்று எழுதியிருந்தேன். அவ்வாறு எழுதியது ஒன்றே பிழை.'

பிறகு ஒரு வரியில் புள்ளி ஒன்றை வைத்தாள். திரும்பி லக்ஷ்மிகாந்தைப் பார்த்துவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்டரைத் தட்டினாள்.

அறையில் இருந்த தொலைபேசி அடிக்க அதிக நேரமாகவில்லை. லக்ஷ்மிகாந்த் எடுத்தார். மறுமுனையின் குரல் பஸீலாவுக்கே கேட்டது. அவர் கேட்டுக்கொண்டே, "சரி ஸார், சரி ஸார்" என்றார். பிறகு பேசும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கிளம்பச் சொல்றாரும்மா. இப்பவே."

"கிளம்புறேன் சார்" என்றாள் பஸீலா. எழுந்திருக்கவில்லை. "எழுத்துல குடுங்க."

"என்னது?"

"எழுத்துலதானே சார் பிரச்சனை? எழுத்துலயே குடுங்க. இன்னார், இன்ன காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்படுறார்னு. வாங்கிக்கிட்டு மறு பேச்சில்லாமப் போறேன். வாய் வார்த்தைக்கு நான் போக மாட்டேன்."

லக்ஷ்மிகாந்த் அதை அப்படியே தொலைபேசியில் சொன்னார். மறுமுனையில் சத்தம் சற்றுத் தணிந்தது. "ஆமா ஸார், ஆர்டர் வேணுமாம்... காரணம் என்னன்னு போடறது ஸார்? ... தாயார் எழுத்துன்னு போட முடியாது ஸார், கெசட் காப்பி நம்ம கோப்புல இருக்கு... ஒழுங்கீனம்னு போட்டா, என்ன ஒழுங்கீனம்னு கேப்பாளே ஸார்... என் பேர்ல வேண்டாம் ஸார். நான்தான் அந்தக் காப்பியை வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்... ஹெச்.ஆர். பேர்லயா? கேக்கறேன் ஸார்."

அவர் மனிதவளப் பிரிவைக் கூப்பிட்டார். அங்கே எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அத்தகைய ஆணை டைரக்டர் பெயரிலேயே வருவதுதான் முறை என்று மரியாதையாகச் சொன்னார். லக்ஷ்மிகாந்த் மறுபடி மேலே கூப்பிட்டார். அவர் நெற்றியில் திருமண் வியர்வையில் கசிந்தது.

இதற்குள் பஸீலா கறுப்புத் திரையில் ஒரு புதிய கடிதத்தைத் தொடங்கியிருந்தாள். யாருக்கு: எம். பஸீலா. பொருள்: பணி நீக்கம். அனுப்புநர் என்ற வரியில் வந்து நின்றாள். அங்கே சிறிய வெள்ளைக் கட்டம் ஒன்று விட்டு விட்டு மின்னியது.

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம் சார். நானே அனுப்பிடுறேன். இந்த ஒரு இடம்தான் காலியா இருக்கு. யார் பேர் போடட்டும்?"

லக்ஷ்மிகாந்த் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் திரையைப் பார்த்தார்.

"எச்-ல ஆரம்பிக்கிற பேரா இருந்தாலும் பரவாயில்ல சார். மேல சோபாவுலதானே இருக்காங்க, கேளுங்க. தாராளமாப் போட்டுடுறேன்."

"சும்மா இரும்மா நீ" என்றார் லக்ஷ்மிகாந்த். ஆனால் வார்த்தையில் கடுமை இல்லை. தொலைபேசியில், "ஸார், அனுப்புநர் யாருன்னு கேக்கறா ஸார்" என்றார். பிறகு காதில் அழுத்திப் பிடித்துக் கேட்டார். மறுமுனையில் இரண்டு குரல்கள் தமக்குள் பேசிக்கொள்வது மெல்லக் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஒரே குரல், மிகச் சுருக்கமாக ஏதோ சொல்லி ஓய்ந்தது.

அவர் தொலைபேசியை வைத்தார்.

"என்ன சொன்னாங்க சார்?"

"அப்புறம் பேசிக்கலாம்ங்கறார்."

"எப்பவாம்?"

"அதைச் சொல்லலை."

லேப் பக்கத்துச் சிறு கதவை யாரோ தட்டி, "அக்கா, துறையூர் கேஸ் ரெண்டு பேர் ரிப்போர்ட் வந்தாச்சா, அனுப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க" என்றார்கள்.

"இதோ" என்றாள் பஸீலா. அனுப்புநர் இல்லாத அந்தக் கடிதத்தை ஒரே கட்டளையில் அழித்தாள். "சார், நீங்க ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டீங்கன்னா, நான் வேலையைப் பார்ப்பேன்."

லக்ஷ்மிகாந்த் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எழுந்து போகத் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்து, அவள் விரல்கள் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அந்தப் பெயரை எழுதி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.